நான் திருப்பிக் கொடுத்த பூங்கார்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதம், குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் மகளிர் குழு நடத்தும் விதை வங்கியில் அரை மூட்டை பூங்கார் நெல் வாங்கி விதைத்திருந்தேன். வாங்கியதைப்போல் இரண்டு பங்கு திருப்பித் தர வேண்டும். விதைநெல்லைக் கையால்தான் அறுக்க வேண்டும். இதுதான் எங்கள் கட்டுப்பாடு. அந்த வருடம் மழை சரியில்லை. பூங்கார் போட்ட மற்றவர்களுக்கெல்லாம் காய்ந்துபோய், என் வயலில் மட்டும்தான் விளைந்திருந்தது.

அறுக்க நினைத்த அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வயலில் குண்டு நெல் என்ற வேறு ரகத்தை அறுத்துக்கொண்டிருந்த மெஷினை அப்படியே என் வயலில் இறக்கிவிட்டேன். முந்தின வயல் நெல் மெஷினுக்குள் தங்கி, அடுத்த வயல் நெல்லோடு கலந்து வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். கொஞ்சம்தானே என்று நினைத்தேன். யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டிக்காரி என்று பாராட்டு வேறு.

அடுத்த புரட்டாசியில் குழுவில் ஓர் அக்கா அதை முழுவதும் வாங்கி விதைத்தார். அவர் வயலில் விளைவதுதான் இனி எல்லோருக்கும் விதை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போகிற சாக்கில் ஸ்கூட்டியை அந்த வழியாகவே விடுவேன். ஒரு நாள் பார்த்தேன். பூங்கார் கதிர் தள்ளி நிற்க, நடுநடுவே கதிரே வராத குட்டைப் பயிர்கள். பிந்தி விளையும் குண்டு நெல்லேதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வயலுக்கே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அடிப் பாவி, இத அப்பவே சொல்லக் கூடாதா? சாக்க மாத்தி வெதச்சுட்டாருன்னு எங்க வீட்டுக்காரர நாலு நாளா நான் பேசாத பேச்சு இல்ல. அந்த மனுசன் சரியாக் கஞ்சி கூடக் குடிக்காம அங்கிட்டுக் கெடக்காரு.”

அக்கா வீட்டுக்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

“சரி, வா. பூங்கார் முத்துறதுக்குள்ள கலந்து நிக்கிறதப் புடுங்கிருவோம்” என்று வயலில் இறங்கினார்.

மூன்று பேரும் சாயங்காலம் வரை பிடுங்கினோம். விதை கலப்பில்லாமல் தப்பியது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் என் தப்பை ஒரு நல்ல மனிதர் சுமந்துகொண்டிருந்தார் என்பது, இன்றைக்கும் விதை வங்கியில் மூட்டையை இறக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.