பேக்கோ கை தூக்காத காலைகள்

ஒரு விடுகதை. விடிந்ததும் தன் கையையே தூக்க மாட்டான். பத்து மணிக்கு முனகுவான். நண்பகலில் பாறையைப் புரட்டுவான். சாயந்திரம் வரை பயில்வான். மறுநாள் விடிந்தால் மறுபடியும் நோயாளி. யார் அவன்?

டிராக்டருக்குப் பின்னால் மண் தோண்டும் பேக்கோவை மாட்டி அவதிப்படும் அன்பர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். விடை நடுவில் வரும். ஹைட்ராலிக் மெக்கானிக்கிடம் யாரும் உடைந்த பொருளைக் கொண்டு வருவதில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, பலம்தான் இல்ல" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். எது இல்லை என்று தெரிந்துவிடும். ஏன் இல்லை என்பதைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

பட்டறையில் ஒரு குறையும் இல்லை

என் பட்டறை ஆலங்காயத்தில் இருக்கிறது. வெள்ளையன் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் சாமை விதைப்பவர்; நாலு புளியமரமும் உண்டு. பழைய டிராக்டருக்கு ஒரு பழைய பேக்கோவை வாங்கி மாட்டியிருந்தார். பக்கெட்டின் பல் மண்ணில் இறங்கியதும் கை நின்றுவிடுகிறது என்று, அரை நாள் மலையிறங்கி என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தார்.

சிமென்ட் தளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்த்தேன். அளவுகோலில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கியது. பட்டறைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைத் தோண்டச் சொன்னேன். தோசையைப் புரட்டுவதுபோல மண்ணைப் புரட்டிப் போட்டது. "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மறுநாள் மலையிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, உங்க வூட்டாண்ட வந்தா ஜோரா வேலை செய்யுது, எங்க வூட்டாண்ட வந்தா படுத்துக்குது. உங்களாண்ட பயம், எங்களாண்ட செல்லம் போல இருக்குது."

சாய்ந்த டம்ளர்

நோயாளியை அது படுக்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம் என்று மலையேறினேன். ஜீப் ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வெள்ளையனின் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுவில் ஓர் ஓடை. அதன் இரு பக்கமும், டிராக்டர் மட்டும் தட்டுத்தடுமாறி ஏறும் செங்குத்தான சரிவு. பலா பழுக்கும் காலத்தில் அந்தத் தடத்தில் கரடி வரும். பத்து வயதுப் பிள்ளையைக் காலையும் மாலையும் அதில் நடக்க விட முடியுமா? முடியாது என்பதால்தான் வெள்ளையனின் மகள் பூங்கொடி மூன்று வருடமாகப் பள்ளி விடுதியில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்தால் அதிகம்.

சரிவை வெட்டித் தடத்தை அகலமாக்கினால் ஊருக்குள்ளேயே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதாக ஜீப் டிரைவர் முருகேசன் வாக்குக் கொடுத்திருந்தார். ஊர்க்காரர்கள் தங்கள் பட்டா நிலத்தில் ஆளுக்கு ஓர் ஓரத்தை விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வெட்டி முடித்தால், பூங்கொடி வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் தூங்கி, பள்ளிக்குப் போய்வரலாம். வெள்ளையன் அந்தப் பேக்கோவை வாங்கியதே அதற்குத்தான். நான் போனபோது ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது. தடம் பாதிகூட ஆகவில்லை.

டிராக்டர் சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தது. எண்ணெய் டேங்கைத் திறந்தேன். உள்ளே பால் பொங்கியதுபோல நுரை. காரணம் புரிந்தது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளரில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஓரமாக ஓர் உறிஞ்சுகுழலை வையுங்கள். டம்ளர் நேராக இருந்தால் தண்ணீர் வரும். எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். உங்கள் வாய்க்கு வெறும் காற்றுதான் வரும். எண்ணெயை உறிஞ்சிக் கைக்குத் தள்ளும் பேக்கோவின் பம்பும் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. காற்றைக் குடித்த கைக்குப் பலம் எங்கிருந்து வரும்? என் சமதளத்தில் போதுமாக இருந்த எண்ணெய் அவருடைய சரிவுக்குப் போதவில்லை.

"மேல்கோடு வரைக்கும் ஊத்துங்க. சுத்தமான டின்ல வாங்கிட்டு வந்து ஊத்துங்க" என்றேன். இரண்டாவது வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நான் பின்னால் வருத்தப்பட்டேன். வெள்ளையன் அன்று சிரித்தார்.

"அப்ப மிஷினுக்கு நோவு இல்லண்ணா. தாகம்."

பம்ப் போச்சு

மே மாதம் நடுவில் மறுபடியும் போன். அவர் சொன்ன அறிகுறிகளைத்தான் மேலே விடுகதையாகப் போட்டிருக்கிறேன். காலை நிலவரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முந்தின நாள் சாயந்திரமே போய் அவர் வீட்டில் தங்கினேன். மலை என்பதால் மே மாதத்திலும் விடிந்தபோது நல்ல குளிர். எஞ்சினை ஓட்டிக் கைப்பிடியை இழுத்தார். பம்ப் கீச்சென்று கத்தியது. கை முழங்கால் உயரத்துக்கு வந்து அப்படியே நின்றது.

கத்தலைக் கேட்டதும், "பம்ப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். புதிய பம்ப் கீழே இருந்து வந்து சேர இரண்டு வாரம் ஆகும். பள்ளி திறக்க அதைவிடச் சில நாள்தான் கூடுதலாக இருந்தது. வெள்ளையன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெட்டாமல் மீதியிருந்த சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் பம்பின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் சும்மா உட்காருகிறவர் இல்லை அவர். வெயில் ஏறியதும் இருக்கிற பலத்தில் தோண்டுகிறேன் என்று ஏறிவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், பேக்கோ சரளை மண்ணைச் சர்வசாதாரணமாக வாரிக்கொண்டிருக்கிறது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேய்ந்த பம்ப், எண்ணெய் சூடாகச் சூடாகச் சோர்ந்துபோகும். இது சூடாகச் சூடாகத் தேறுகிறது. ஆகவே பம்ப் இல்லை. குளிரில் இறுகி வெயிலில் இளகும் ஏதோ ஒன்று எண்ணெய் போகும் வழியில் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பூங்கொடி, டேங்குக்கு அடியில் குத்துக்காலிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மாமா, எறும்பு ஆயில் குடிக்குமா?"

விடை

குடிக்காது. ஆனால் டயரில் ஏறி, சட்டத்தில் நடந்து, டேங்கின் அடித்திருகு வரைக்கும் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. அங்கே கசிந்து நின்ற ஒரு சொட்டைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். திருகைத் திறந்தேன். முதலில் எண்ணெய் வரவில்லை. பொன்னிறமாக, தடித்த நூல்போல வேறொன்று இறங்கியது. வெள்ளையன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது.

தேன்! நான் சுத்தமான டின் என்று சொன்னேன் அல்லவா? அவர் வீட்டிலேயே மிகச் சுத்தமான டின், தேன் டின்தான். அதில் வேறெதையும் வைக்க மாட்டார்கள். கண்ட கையால் தொடக்கூட மாட்டார்கள். மிஷினுக்கு நல்லது செய்வதாக நினைத்து அதையே கடைக்குக் கொண்டுபோய் எண்ணெய் பிடித்து வந்திருக்கிறார். அடியில் இறுகிக் கிடந்த தேன் எண்ணெயோடு டேங்குக்குள் போய்விட்டது. தேன் எண்ணெயைவிடக் கனம். எண்ணெயில் கரையாமல் அடியில் தங்கும். பம்ப் எண்ணெயை உறிஞ்சும் சல்லடையும் அடியில்தான் இருக்கிறது. காலைக் குளிரில் சல்லடைக் கண்கள் பாகுபோல அடைத்துக்கொள்ளும். மதியம் இளகி வழிவிடும். விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா?

வெள்ளையனின் மனைவி காவேரி, செய்தி கேட்டு வந்து, டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நான் ஒரு கரண்டி கேட்டா, வந்தவங்க போனவங்களுக்கு வேணும்னுவாரு. மிஷினுக்கு டின்னோட ஊட்டிட்டாரு பாருங்க!"

வெயிலில் ஒரு பகல்

சல்லடையை வெந்நீரில் கழுவினேன். எண்ணெயில் கரையாத தேன் வெந்நீரில் கரைந்துவிடும். ஆனால் டேங்குக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தங்கக் கூடாது. அதனால் அதைத் துணியால் வழித்து, டீசலால் அலசி, மறுபடி துடைத்து, ஒரு முழுப் பகல் வெயிலில் திறந்து வைத்தேன். குழாய்களையும் அப்படியே. வெள்ளையனுக்கு அந்தப் பகல் நகரவே இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை போய் டேங்குக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

பலா நிழலில் உட்கார்ந்து, பூங்கொடி கழற்றிய திருகுகளை ஒரு செய்தித்தாளில் பெரியது சிறியதாக அடுக்கிக்கொண்டே பேசினாள். எங்க ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை முட்டை போடுவாங்க. எங்க ஹாஸ்டல்ல நானும் மலரும் பக்கத்துப் பக்கத்துல படுப்போம், அவ எனக்குத் தலை பின்னுவா, நான் அவளுக்குப் பின்னுவேன். எங்க ஹாஸ்டல்ல மழை வந்தா தகரத்துல டமடமன்னு கேக்கும், யாருமே தூங்க மாட்டோம். வெள்ளையன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அம்மா கூப்பிட்டுப் பூங்கொடி ஓடிய பிறகுதான் திரும்பினார்.

"கேட்டீங்களாண்ணா, வந்ததுலேந்து 'எங்க வூடு'ன்னு ஒரு வாட்டி சொல்லல."

ஒரு திருகு

இது என் மானம் போன கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் எல்லாவற்றையும் பூட்டி, மூடி பிரிக்காத டின்னிலிருந்து புது எண்ணெயை மேல்கோடு வரைக்கும் ஊற்றி, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கம்பீரமாகக் கையை உயர்த்தினேன். வெள்ளையன் ஏறவில்லை. குனிந்து டேங்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில், எண்ணெய் கொட்டாமல் இருக்க முந்தின நாள் நான் மூடிய குழாய்த்திருகு மூடியபடியே இருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெயும் கிடைக்காமல் பம்ப் நிஜமாகவே போயிருக்கும். அதோடு சாலையும் போயிருக்கும். பூங்கொடி விடுதிக்குப் போவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. வெள்ளையன் தானே திருகைத் திறந்துவிட்டு, என் தோளில் மெல்லத் தட்டினார்.

"நாங்க தேன ஊத்துனோம், நீங்க கொழாவ மூடுனீங்க. சரிக்குச் சரிண்ணா."

பெட்டி

அதன் பிறகு பேக்கோ ஒரு காலையிலும் சோம்பவில்லை. ஓடையின் இரு பக்கச் சரிவும் இறங்கின. கை எட்டாத இடத்துக் கற்களை ஊரார் சுமந்து போட்டார்கள். புது எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச நாளில் சல்லடையை ஒரு முறை திறந்து பார்ப்பது என் வழக்கம். அது பள்ளி திறக்கும் நாளாக அமைந்தது. முருகேசனின் ஜீப்பிலேயே போனேன். நடந்து போன இடத்தில் உட்கார்ந்தபடி போனேன். அந்த ஊருக்குள் ஜீப் வந்தது அதுதான் முதல் தடவை. சல்லடை பளிச்சென்று இருந்தது.

வெள்ளையன் வீட்டு வாசலில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. மூன்று வருடப் பழக்கத்தில் காவேரி துணிமணி அடுக்கிவிட்டிருந்தார். வெள்ளையன் அடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பூங்கொடி சீருடையோடு, இரட்டைப் பின்னலோடு பக்கத்தில் நின்றாள். முருகேசன் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, அவளிடம் வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னா, பெட்டி மேல ஏறணுமா, வூட்லயே இருக்கணுமா?"

வெள்ளையன் காவேரியைப் பார்த்தார். பிறகு மகளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"நீயே சொல்லும்மா. சாயந்திரம் இதே ஜீப்புல வூட்டுக்கு வந்துடலாம். இல்ல, அங்கயே தங்கிப் படிக்கலாம். நீ இன்னா சொன்னாலும் எனக்குச் சரி. ரோடு எங்கயும் ஓடிப் போய்டாது."

ஒரு மாதத்துக்கு மேல் நானும் அவரும் அந்த மிஷினின் ஒவ்வொரு துளையிலும் எட்டிப் பார்த்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்; பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று ஜீப் டிரைவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. பூங்கொடி பெட்டியை ஏற்றச் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஜீப்பில் வீட்டுக்கு வரும்போது அதை அப்பாதான் வந்து இறக்க வேண்டும் என்றாள்.