அமெரிக்கரின் நோட்டுப் புத்தகம்

ஹவுராவில் நான் குமாஸ்தாவாக இருந்த சணல் ஆலைக்குப் படம் பிடிக்க வந்தார் அந்த அமெரிக்கர். நெட்டையான ஆள். கசங்கிய கோட்டு, படம் கழுவும் மருந்தின் கறை படிந்த விரல்கள். முதலில் தன் நாட்டில் எடுத்த படங்களைத் தொழிலாளர்களுக்குக் காட்டுவார். பிறகு அவர்களைப் படம் எடுத்து, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். மொழிபெயர்க்க என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

படங்களில் இருந்தவர்கள் பஞ்சாலைக் கூலிகள். அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். காலில் செருப்பில்லை, சட்டையெல்லாம் கிழிசல். தறியில் வேலை செய்த தமிழ்க்காரி ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

"ஏன் சாமி, தொரைமாருலயும் நம்மள மாதிரி இருக்காங்களா?"

அவள் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னால் நின்ற எங்கள் மானேஜர் துரைக்கு அது பொறுக்கவில்லை. "நாடகக்காரர்கள் என்று சொல்" என்றான் என் காதில். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அப்படியே சொன்னேன்.

அவள் படத்திலிருந்த ஒருவனின் கையைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு விரல்கள் இல்லை. தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதிலும் இரண்டு இல்லை.

"வேசங்கட்ட எவனாச்சும் வெரல வெட்டிக்குவானா சாமி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறாள்?" என்று அமெரிக்கர் கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

அவர் அவள் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவளைப் படம் எடுத்தார். பிறகு என்னையும் எடுத்தார். என்ன வேலை என்று என்னிடம் மட்டும் கேட்கவில்லை. ஆனாலும் நோட்டில் ஏதோ எழுதினார்.

குமாஸ்தா என்று எழுதியிருக்க மாட்டார்.