பார்த்தும் கொடுக்காத பந்து

பதினெட்டு ஆண்டுகள் ஒரு பெரிய நிறுவனத்தின் கூடைப்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடினேன். என் இடம் கார்டு. பந்தைக் கொண்டுவந்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவன். உயரம் கிடையாது, எறிவதிலும் சுமார்தான். நிற்க மட்டும் தெரியாது, ஓடிக்கொண்டே இருப்பேன். என்னிடம் இருந்தது ஒரே வித்தை. சக ஆட்டக்காரன் ஒருவனைப் பார்ப்பேன். பந்து அவனுக்குத்தான் என்று எதிராளி அந்தப் பக்கம் சாய்வான். அந்த இடைவெளியில் நானே உள்ளே புகுந்து போட்டுவிடுவேன். புதியவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்வார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால், பழவேற்காட்டில் என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை.

ஒல்லாந்தர் கல்லறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒற்றை வளையம் இருந்தது. என்னோடு ஆடியவன் பசியாவரத்திலிருந்து தோணியில் வருவான், என் வயதுதான். மூலையில் நின்று எறிந்தால் பந்து இரும்பைத் தொடாமல் விழும். என்னைவிட நல்ல ஆட்டக்காரன்.

நிறுவனத்தார் பொன்னேரியில் வைத்த தேர்வு ஆட்டத்தில் இருவரும் ஒரே அணி. எங்கள் ஏரியில் பாடு என்றொரு வழக்கம் உண்டு. இறால் விழும் இடத்தில் முறை வைத்து வலை கட்டுவார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் கை வைக்கமாட்டான். பஸ்ஸில் போகும்போது அதையே ஆட்டத்துக்கும் சொன்னான்.

“மொத பாதி உன் பாடு. நான் ஆள மறிச்சி வழி வுடறேன், நீ போடு. ரெண்டாம் பாதி என் பாடு. இன்னா சொல்ற?”

“இன்னிக்கு உங்க வலை முறையாச்சே. நைனா திட்டமாட்டாரு?”

“வேலை கெடச்சா வாய மூடிக்குவாரு. ஆனா பந்து கைக்கு வந்தா ஒனக்குக் கண்ணு தெரியாது. அத்தப் பாத்துக்க.”

சிரித்துக்கொண்டே சரி என்றேன். தேர்வாளர்களும் அப்படி முறை வைத்து இருவரையும் பார்ப்பார்கள் என்றே நம்பினோம்.

முதல் பாதியில் அவன் ஒருமுறைகூட எறியவில்லை. எனக்காக மறித்து மறித்துத் தோள் சிவந்துபோனது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனேன். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவனுக்குத்தான் இடம் என்று தேர்வாளர் ஒருவர் சொல்வது காதில் விழுந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் அவன் மூலையில் கையை விரித்து நின்றான். பார்த்தேன். எதிராளி அவனை நோக்கி ஓடினான். நான் உள்ளே போய்ப் போட்டேன். ஒருமுறை என்றால் அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆட்டம் முடியும்வரை அதையேதான் செய்தேன்.

திரும்பும்போது அவனே எனக்குச் சாக்கு எடுத்துக்கொடுத்தான். “நான் நின்னத நீ பாக்கவே இல்ல. சொன்னேன்ல, கண்ணு தெரியாதுனு.” நான் ஆமாம் என்றேன்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. போன மாதம் தோணி ஏறிப் பசியாவரம் போனேன். அவன் வாசலில் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் கேட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒருத்தருக்குத்தான் வேலைன்னா நானும் அப்பிடிப் பண்ணியிருப்பனோ இன்னாவோ,” என்றான். பிறகு நிமிர்ந்தான். “என்னப் பாத்தியா? அத்த மட்டும் சொல்லு.”

“பாத்தேன்.”

“எங்க நைனா சாவற வரைக்கும் உன்னத் திட்டுவாரு. அவன் பாக்கல நைனா, பாத்திருந்தா குடுத்திருப்பான்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவேன்.”

வலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். கடைசித் தோணிக்குக் கூப்பிடும்வரை அந்த வாசலில் நடந்துகொண்டிருந்தேன். அவன் வெளியே வரவில்லை.