எண்ணெய் காட்டாத மூன்று வருஷம்

கடப்பேரியில் தள்ளுவண்டி போட்டு மீன் வறுத்து விற்கிறவள் செல்வமேரி. முன்பெல்லாம் கல் காய்ந்ததும் முதல் துண்டு அவள் மகன் எபிக்குத்தான். இருபத்திரண்டு வயசு, பேச்சும் புத்தியும் மட்டும் நாலு வயசுப் பிள்ளையுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, ஏசிஎஸ்எல் 4 என்ற ஜீனில் பழுது என்று காகிதம் கொடுத்தார்கள். மருந்து இல்லையாம். அது அவள் காதில் ஏறவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜாஸ்மினிடம் காகிதத்தை நீட்டினாள்.

"கொழுப்பு அமிலத்தை உடம்புக்குத் தோதா மாத்தற என்சைம் ஒண்ணு கீதுக்கா. அதைச் செய்யற ஜீன் இது. அதான் சரியில்ல."

"கொழுப்புன்னா எண்ணெதானே?"

"அப்டித்தான்க்கா நெனைக்கிறேன்."

அன்றோடு எபிக்கு எண்ணெய் நின்றது. அவன் தட்டை எறிந்தான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். வண்டியடியில் புரண்டு அழுதவனைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் வறுக்கிற, புள்ளைக்கு ஒரு துண்டு குட்த்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் பூக்காரி கிளியம்மாள்.

"உன் வேலையப் பாத்துக்கினு போ."

ஒருநாள் தாங்க முடியாமல் முதுகில் ஒன்று வைத்து, "துன்னா செத்துடுவடா!" என்று கத்தினாள். அதற்கப்புறம் அவன் மீன் கேட்கவேயில்லை. வண்டிக்கு அழைத்துப் போவதை நிறுத்தி, டிவி முன்னால் உட்காரவைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள். கஞ்சி, இட்லி, அவித்த காய். அவனுக்கு எதுவோ அதேதான் அவளுக்கும்.

போன வாரம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயமாக அந்த ஆஸ்பத்திரிக்கே போனார்கள். டாக்டரம்மா அவன் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் இப்படி எளைச்சிட்டான்?"

"ஒரு சொட்டு எண்ணெ காட்டல டாக்டர். மூணு வருஷம்." பெருமையாகத்தான் சொன்னாள்.

"யார் சொன்னா? இதுக்குப் பத்தியமே கிடையாதும்மா. நாம சாப்பிடறது எல்லாம் குடுக்கலாம்."

"அப்போ நான் பண்ணது..."

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார்.

அன்று வண்டி போடவில்லை. வஞ்சிரத்தில் நடுத்துண்டாக வாங்கி வீட்டிலேயே வறுத்தாள். முள் எடுத்து, ஊதி, நீட்டினாள். எபி எச்சில் விழுங்கினான். சுவரோரம் நகர்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஒண்ணும் ஆவாதுடா கண்ணு. அம்மாதான் தப்பா சொல்ட்டேன். இங்க பாரு, அம்மா துன்றேன்."

ஒரு விள்ளலை வாயில் போட்டாள். அவ்வளவுதான். வீறிட்டுக்கொண்டு பாய்ந்தான் எபி.

"அம்மா சாவாத! துப்பு! துப்பு!"

அவள் தாடையைப் பிடித்து, விரலை உள்ளே விட்டுத் துழாவினான். நகம் ஈறில் கீறியது. செல்வமேரி வாயை நன்றாகத் திறந்து கொடுத்தாள்.