வாய்க்காலின் இரண்டாவது வளைவு

விடத்தல்தீவுப் பக்கம் எங்கள் கரையிலிருந்து கடலுக்கு இறங்க ஒரு பழைய வாய்க்கால்தான் வழி. ஒல்லாந்தர் வெட்டியது என்பார்கள், எனக்குத் தெரியாது. வாசலில் இரண்டு கற்தூண்கள் நிற்கின்றன. முன்பு அவற்றுக்கிடையில் பலகைக் கதவு போட்டுத் தண்ணீரை மறித்துவைத்து வள்ளம் விடுவார்களாம். இப்போது கதவில்லை. கடல் பெருகினால் வழி, வற்றினால் வெறும் சேறு.

கடலுக்குள் இருக்கிற தீவுக் கோயில் திருநாளுக்கு ஊர் வள்ளங்கள் எல்லாம் வரிசையாக அந்த வழியால்தான் போகும். போன வருடம் என் கணவரும் என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் வள்ளத்தைக் கொண்டுபோனார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் வந்து சில வருடங்கள்தான். ஊரார் நல்லவர்கள். ஆனால் அவரை 'இந்தியாவிலிருந்து வந்தவர்' என்றே சொல்வார்கள். இந்தக் கரையில் பிறந்த அவருடைய அப்பாவைத் தெரியுமா என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் முகாமில் பிறந்தவள், எனக்கு எந்த ஊரிடமும் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

வாய்க்கால் அவருக்கு மனப்பாடம். அவருடைய அப்பா, என் மாமா, முகாம் வாசலில் மண்ணில் கோடு கீறிச் சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது வளைவில் இடப்பக்கக் கண்டல் மரங்களை ஒட்டிப் போக வேண்டும். முன்னால் போனவர்கள் வலப்பக்கம் விலகியதைப் பார்த்துச் சொன்னேன். அப்பா சொன்னது பிழையாகாது என்றார். இடப்பக்கம் பிடித்தார். வள்ளம் சேற்றில் ஏறி நின்றுவிட்டது.

பூசைக்குப் போக வேண்டிய மற்ற வள்ளங்கள் எல்லாம் பின்னால் மறிபட்டு நின்றன. ஒருவரும் ஏசவில்லை. விருந்தாளிக்குக் காட்டுகிற அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாவமாய்ப் போய்விட்டது எனக்கு.

பின் வள்ளத்திலிருந்து ஒரு கிழவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மாமாவைத் தெரியாது என்று முன்பு சொன்னவர்களில் அவரும் ஒருவர். வந்து வள்ளத்துக்குத் தோள் கொடுத்தவர், வளைவைப் பார்த்தார், கண்டலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார்.

"உன்ர கொப்பனும் இதிலதான் வள்ளத்தைக் கொண்டுவந்து ஏத்துறவன். ஒவ்வொரு திருநாளுக்கும். சொன்னாலும் கேக்கமாட்டான்."

மற்றவர்களும் இறங்கித் தள்ளினார்கள். என் கணவர் மட்டும் தள்ளவில்லை. முழங்கால் சேற்றில் நின்றபடி, "ஒவ்வொரு திருநாளுக்குமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.