ஒரு ‘லும்’ போட முடியாத வாய்

காளவாசல் டீக்கடையில் நாகசுப்பிரமணியன் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இருந்தா’. வேலை சேலைக்கடையில், வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், டீ கிளாசைக் கையில் எடுத்தால் அமெரிக்கா. அதுவும் 1960 தேர்தல் ஒன்றுதான். கென்னடியிடம் நிக்சன் மயிரிழையில் தோற்றதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

“டிவியில ரெண்டு பேரும் மோதுனப்ப நிக்சன் மூஞ்சி வெளிறிக் கெடந்துச்சு தம்பி. ஒழுங்கா பவுடர் பூசியிருந்தா அவன் ஜெயிச்சிருப்பான். அவன் ஜெயிச்சிருந்தா கென்னடி டல்லாஸ்ல குண்டடி பட்டுச் செத்திருக்க மாட்டான். ஒரு டப்பா பவுடர்ல போச்சு ஒரு உசுரு.”

“அவன் ஜெயிச்சிருந்தாலும் நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி நாளைக்குத்தாண்ணே வரும்” என்பேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

“நான் இருந்தான்னா நீ ஒரு லும்மப் போட்டு மூடிர்றியே மொக்கைச்சாமி” என்று சிரிப்பார்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் அவர் ஒரே மகன் ஸ்ரீநாத், கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் பைக்கில் போனவன், லாரியில் அடிபட்டான். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். பையன் பிழைத்தால் போதும் என்று இருந்தது. பார்க்க வந்த சனம் சும்மா இருந்ததா? ஹெல்மெட் போட்டிருந்தா, பஸ்ஸில் போயிருந்தா, ஆடியில் புது வண்டி எடுக்காமல் இருந்தா. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொருவரையும் டீ குடிக்கப் போகச் சொல்லி விரட்டினேன். மறுநாள் மத்தியானம் பையன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தார். டீயைத் தொடவில்லை.

“அன்னைக்குக் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு பவுடர் பூசிக்கிட்டிருந்தான் தம்பி. அதப் பாத்ததும் நிக்சன் கதைய எடுத்துட்டேன். நேரமாச்சுப்பான்னான். இத மட்டும் கேட்டுட்டுப் போடான்னு நிறுத்தி வச்சேன். அப்புறம்தான் அம்புட்டு வேகமாப் போனான்.”

ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“நான் நிறுத்தாம இருந்திருந்தா...” என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான எப்பவும் சொல்லுவ. நிறுத்தாம இருந்திருந்தாலும்னு ஒரு தடவை சொல்லு தம்பி.”

எத்தனையோ வருஷம் கேட்காமலே அதை வாரி இறைத்த வாய். அந்த லாரி கொஞ்சம் முன்னால் எங்கே வந்துகொண்டிருந்திருக்கும் என்று பாழாய்ப்போன மனசு கணக்குப் போட்டது. நாக்கு எழும்பவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டுவிட்டு எழுந்தார்.

“வாரேன் தம்பி” என்றார். அப்புறம் அவர் கடைப்பக்கம் வரவேயில்லை.