டெல்மரின் சும்மாயிராத கை

மரம் வெட்டும் வேலையை விட்ட நாளிலிருந்து டெல்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோடாலி பிடித்த கை, சும்மா கிட என்றால் கிடக்குமா? கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் மலையில், உரிமம் வாங்கிக் கஞ்சா வளர்த்தார்கள் அவரும் மனைவி ஓபலும்.

விடிந்ததும் காபிக் கோப்பையோடு, செடிகள் நிற்கும் பசுமைக்குடிலுக்குள் நுழைவார். வாசலோரச் செடியருகே நின்று குடித்தபடி, ஒழிந்த கையால் நாலு இலை கிள்ளுவார். கோப்பை காலியானதும் அதை வைத்துவிட்டு, மற்ற செடிகளை இரண்டு கையாலும் உருவித் தள்ளுவார்.

"மொட்டுக்கு வெயில் படணும்டி."

"யோவ், இலைதானே அதுக்குச் சோறு போடுது?" ஓபல் ஒரு செடியில் சிவப்பு நாடா கட்டினாள். "இதுல கை வச்சே, ஒடிச்சிடுவேன்."

அந்தச் செடியைத் தொடாமல் தாண்டுவதற்குள் தினமும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அக்டோபரில் அறுத்தார்கள். அவர் மொட்டையடித்த செடிகளில் பூ சுண்டைக்காய் அளவுதான். ஓபல் விழுந்து விழுந்து சிரித்தாள். நாடா கட்டிய செடியின் இலைகளை விலக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கடலிலிருந்து ஏறிவந்த பனியின் ஈரம் இலை அடர்த்திக்குள் தங்கி, பூவெல்லாம் பூசணம்.

வாசலோரச் செடி மட்டும் கொழுகொழுவென்று நின்றது.

"இதையும் நான்தானே கிள்ளினேன்?" டெல்மர் தலையைச் சொறிந்தார்.

"ஒத்தைக் கையால."

அடுத்த வருஷம் இலை கிள்ளும் முதல் நாள் காலையில் ஓபல் நீட்டிய கோப்பை குடம் மாதிரி இருந்தது.

"கடைசிச் செடி வரைக்கும் இதைக் கீழ வைக்காத."